மகள் தாண்டட்டுமா?

மொரப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு விழா. நீளம் தாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த மகளின் கையைப் பிடித்தபடி தாய் ஒருவர் நம்மிடம் மெதுவாகக் கேட்டார்: “பொம்பளப் பிள்ளைங்க இப்படித் தாவிக் குதிச்சா, நாளைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

நகைக்கத்தக்க கேள்வியன்று. படித்த ஐரோப்பாவே இதைக் கேட்டது. பனிமலைச் சரிவில் சறுக்கி வந்து ஆகாயத்தில் தாவும் விளையாட்டில் நார்வே நாட்டவர் பெயர் பெற்றவர். ஆடவர்க்கு 1924இலேயே ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. பெண்களோ 2014 வரை, தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்தனர். மருத்துவ நோக்கில் அது பெண்களுக்கு ஏற்றதன்று எனப் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவரே 2005இல் கருத்துரைத்தார். 2018இல் நார்வேயின் மாரன் லுண்ட்பி தங்கம் வென்றார். உடல் எடையைக் குறைக்கத் தம்மை வருத்திக்கொள்ள மாட்டேன் என்று கூறி 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து ஒதுங்கி நின்றவரும் அவரே. பதக்கத்தைவிட நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் கேரள இரயில்கள் நம் மொரப்பூர் நிலையத்தைக் கடந்தே போகின்றன. அந்தக் கேரளத்தில், சங்ஙனாசேரியை அடுத்த சீரஞ்சிறையில், 1977இல் பிறந்தவர் அஞ்சு. ஓடவும் தாண்டவும் முதலில் ஊக்கியவர் தந்தையே. கோருத்தோடு பள்ளியில் கே. பி. தாமஸ் என்னும் ஆசிரியர் பயிற்சியளித்தார். பின்னர் கன்னியர் நடத்தும் திருச்சூர் விமலா கல்லூரி. மும்முறைத் தாண்டலில் தேசிய வாகையராயிருந்த ராபர்ட் பாபி ஜார்ஜ், தமது விளையாட்டு வாழ்வை விடுத்து அவருக்குப் பயிற்சியாளரானார், 2000இல் கணவருமானார். மனைவியின் புகழுக்காகத் தம் புகழை ஒதுக்கிவைக்கும் கணவர் நம் நாட்டில் எத்தனை பேர்?

2001இல் மருத்துவச் சோதனையொன்றில் தெரியவந்த செய்தி அவ்விருவரையும் உலுக்கியது. அஞ்சுவுக்குப் பிறவியிலேயே சிறுநீரகம் ஒன்றுதான்! வலி மாத்திரைகளும் அவர் உடலுக்கு ஒவ்வா. எனவே காயம்பட்டால் பிறர்போல் மாத்திரை விழுங்கிவிட்டு மறுநாள் களமிறங்க முடியாது. வேறு யாராயிருந்தாலும் அத்தோடு காலணியைக் கழற்றி வைத்திருப்பர்.

அவர் கழற்றவில்லை. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம். 2003 ஆகஸ்டில் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம். உலகத் தடகளத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் பதக்கம் அதுவே. அடுத்ததை நீரஜ் சோப்ரா 2022இல் பெறும்வரை அது துணையின்றி நின்றது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டி ஆறாமிடம் பெற்றார். முன்னிடத்தில் நின்ற அமெரிக்கரின் ஊக்கமருந்துக் குற்றம் பின்னாளில் வெளிப்படவே, ஐந்தாமிடமாயிற்று. 2005இல் மொனாக்கோவில் கிடைத்த வெள்ளியும் இவ்வாறே தங்கமாயிற்று. ஆனால் அதற்குள் ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. வென்ற அன்று கேட்கவேண்டிய நாட்டுப்பண்ணை அஞ்சல்வழியே அனுப்ப முடியுமா?

சிறுநீரகச் செய்தியை இத்தனை காலமும் அவர் வெளியிடவில்லை. 2020 டிசம்பரில்தான், ஓய்வு பெற்றுப் பல்லாண்டு கழிந்தபின், தாமே உலகுக்குச் சொன்னார். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நாம் கூறவில்லை. உடற்குறை தெரிந்தால் மருத்துவரைக் கேட்காமல் பிள்ளையைக் களமிறக்கலாகாது.

இன்று பெங்களூரில் அஞ்சுவும் கணவரும் சிறுமியரைப் பயிற்றுகின்றனர். ஜான்சியில் தையல் வேலை செய்து பிழைத்த ஒரு தாய், ஷைலி என்னும் தம் மகளை அவர்களிடம் ஒப்படைத்தார். 2021இல் நைரோபியில் இளையோர் உலகப் போட்டியில் ஷைலி 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றாள். ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கம் தவறியது.

இவற்றையெல்லாம் மொரப்பூர்த் தாயிடம் சொல்லி முடிப்பதற்குள் மகள் கையை விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டாள். முதல் இருமுறையும் பலகைக்கு அப்பால் மிதித்தாள், கொடி சிவப்பு. மூன்றாம் முறை சரியாக மிதித்தாள். திரும்பிப் பார்த்தோம்; தாய் நம் பக்கத்தில் இல்லை. அளவுநாடா பிடித்திருந்த ஆசிரியரின் தோளருகே குனிந்து, எண்ணைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.