மனித வாழ்வின் பருவங்கள்

நெற்பயிரின் பருவங்களைக் காவிரிப் பாசன உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நாற்றங்காலில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும், தூர் கட்டும்போது உரம் எவ்வாறு இடவேண்டும், பால் பிடிக்கும் வேளையில் நீர் குறைந்தால் பதர் எவ்வாறு மிகும் என்பன அவர் கைவரப் பெற்றவை. மனிதனுக்கும் இத்தகைய பருவங்கள் உண்டு. பிறப்பு முதல் முதுமை வரை உடலும் அறிவும் உள்ளமும் எவ்வாறு மாறிச் செல்கின்றன என்பதை ஆராயும் துறை வளர்ச்சி உளவியல் எனப்படும். பிள்ளையை எப்போது தறியண்டை விடுவது, இளைஞருக்கு எப்பொறுப்பை அளிப்பது, கண் மங்கிய நெசவாளரை என் செய்வது என்னும் கேள்விகள் நம் சங்கங்களில் நாள்தோறும் எழுகின்றன. ஆதலின் அங்கத்தினர்கள் இத்துறையின் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

மழலைப் பருவம்

இந்நோக்கு தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் நூல்கள் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தன. ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வரும் வருகை என்னும் வரிசை இன்றைய மருத்துவர் கணக்கோடு பெரிதும் ஒத்திருக்கிறது. எனினும் எல்லாக் குழந்தையும் ஒரே திங்களில் நடப்பதில்லை. சற்று முன்பின்னாதல் இயல்பே. வெகுவாகப் பிந்தினால் மட்டும் மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எரிக் எரிக்சன் (1902–1994) என்னும் அறிஞர் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் உள்ளம் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டென்பது அவர் கொள்கை. முதலாண்டில் குழந்தை கற்க வேண்டியது நம்பிக்கை. அழுதால் எடுப்பார் உண்டு, பசித்தால் ஊட்டுவார் உண்டு என்னும் உறுதியின் மேலேயே பிற்காலத்து உறவுகள் எழும்புகின்றன.

பள்ளிப் பருவம்

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) குழந்தையின் அறிவு பெரியோர் அறிவின் சிறு அளவன்று, வேறு வகையினது என்று காட்டினார். ஏறத்தாழ ஏழு வயதுக்குப் பின்னரே ஒரு பொருள் உருமாறுவதை மனத்தளவில் மாற்றிப் பார்க்கும் ஆற்றல் நிலைபெறுகிறது.

இதற்கு நெசவிலிருந்தே சான்று உண்டு. மெக்ஸிகோ நாட்டுச் சியாபாஸ் பகுதியில் ஸினாகாந்தேக் மாயாப் பெண்கள் இடுப்பில் கட்டி நெய்யும் தறியைக் கையாளுகின்றனர். பட்ரீஷியா கிரீன்ஃபீல்டு என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டளவிலும், மீண்டும் 1991இலும் அவர்களை ஆராய்ந்தார். சிறுமிகளுக்கு முதலில் விளையாட்டுத் தறி தரப்படுகிறது. அதில் பாவு நேராகவே ஏறுவதால் கண்ணுக்குத் தெரிவதே துணியாகிறது. பெரிய தறிக்கோ பாவைத் தனிச் சட்டத்தில் மடித்துச் சுற்ற வேண்டும். அது விரிந்தால் எவ்வாறிருக்கும் என்பதை மனத்தால் காண வேண்டும். அவ்வேலையைப் பிள்ளை வளர்ந்த பின்னரே தருகின்றனர். பியாஜேயின் நூலைப் படியாத தாய்மார் அனுபவத்தால் கண்ட ஒழுங்கு இது.

இதனால் பிள்ளையை இளமையிலேயே தொழிலில் பூட்டலாம் என்று கொள்ளலாகாது. காண்பதும் விளையாடுவதும் வேறு. கூலிக்கு உழைப்பது வேறு. 2010 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியது. 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016இன் சட்டத் திருத்தம் விதிக்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், படிப்புக்கு ஊறின்றி உதவுவதற்கு அதில் இடமுண்டு. தார் சுற்ற ஆளில்லை என்று பள்ளியை நிறுத்துவது விதைநெல்லை உண்பதை ஒக்கும்.

இளமையும் நடுவயதும்

தான் யார், தன் தொழில் யாது என்று தேடுவது குமரப் பருவத்தின் இயல்பு. தகப்பன் தறியை மகன் ஏற்க மறுப்பதைக் கீழ்ப்படியாமை என்றே எண்ணிவிடலாகாது. விளைவை முன்னறிந்து தன்னை அடக்கும் மூளைப் பகுதி 25 வயதளவிலேயே முழு முதிர்ச்சி அடைகிறது. ஆதலின் 18 வயதில் அங்கத்தினராகும் இளைஞருக்குப் பெருங்கடனைத் தூக்கிக் கொடுப்பதும் தவறு. பேச இடங்கொடாமல் ஒதுக்குவதும் தவறு. சிறு பொறுப்பில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தல் வேண்டும்.

அடுத்த தலைமுறையைப் பேணி வளர்க்கும் நாட்டமே நடுவயதின் சிறப்பென்றார் எரிக்சன். 1962இல் அவர் ஆமதாபாத்துக்கு வந்து, 1918இல் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தார். 1969இல் காந்தியடிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 35 சதவிகிதக் கூலி உயர்வு கேட்ட அத்தொழிலாளரை வழிநடத்தியபோது காந்தியடிகளுக்கு வயது 48. பிறர் குறையைத் தம் பொறுப்பாக ஏற்கும் நடுவயதின் வலிமையை எரிக்சன் அங்கே கண்டார்.

நாற்பதை அடுத்து வெள்ளெழுத்தும் வருகிறது. அறுந்த இழையைப் பிணைக்கத் தடுமாறும் நெசவாளரைக் கைத்திறன் போயிற்றென்று கழித்துவிடுவோர் உளர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உடைய தொழிலாளரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றோர், பெறாதோரைவிடச் சுமார் 22 சதவிகிதம் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். குறை கையில் இல்லை, கண்ணில் இருந்தது.

முதுமை

முதுமையில் வேகமும் புதியதைச் சட்டென்று பற்றும் திறனும் குறைகின்றன. ஆயின் பல்லாண்டு சேர்ந்த சொல்லறிவும் தொழிலறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. ஒவ்வொரு வயதிலும் இழப்பும் உண்டு, ஈட்டமும் உண்டு என்றார் பால் பால்டஸ் (1939–2006). முதியவர் வேலைகளைக் குறைத்துத் தேர்ந்துகொண்டு, அவற்றில் பயிற்சியை மிகுத்து, குறைவை வேறு வழியால் ஈடுசெய்தால் திறம் குன்றாது வாழலாம் என்பது அவர் முடிபு. முழு நாளும் நெய்ய இயலாத முதியவர் பாவைச் சரிபார்க்கலாம். இளையோருக்குக் கரை வேலை கற்பிக்கலாம்.

இங்கேதான் பயிரும் மனிதனும் வேறுபடுகின்றனர். அறுவடையோடு பயிரின் வளர்ச்சி முடிகிறது. மனிதனின் வளர்ச்சி முடிவதில்லை. பயிரில் தவறிய பருவம் திரும்பாது. மனிதனிடத்தோ குழந்தைப் பருவத்துக் குறையையும் பின்னர் கிட்டும் அன்பாலும் கல்வியாலும் பெருமளவு சீர்செய்யலாம்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சிலவே. பள்ளி செல்லாப் பிள்ளை எந்த அங்கத்தினர் வீட்டிலும் இராமல் பார்த்தல். இளைஞருக்குக் கூட்டத்தில் பேச இடமளித்தல். 40 கடந்தோருக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல். முதியோரைக் கற்பிப்போராக அமர்த்தல். ஒவ்வொருவரும் எல்லார்க்காகவும், எல்லாரும் ஒவ்வொருவர்க்காகவும் என்பது கூட்டுறவின் கொள்கை. தொட்டிலில் இருப்பவரும் திண்ணையில் இருப்பவரும் அந்த எல்லாருள் அடங்குவர் என்பதை அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் நினைவிற்கொள்வார்களாக.