பூச்சிகளின் இனிப்புப் பசி

பறக்கும் பூச்சிகள் பலவற்றுக்குச் சர்க்கரையே எரிபொருள். தேனீயின் பறப்புத் தசைகள் ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரையை எரித்தே இயங்குகின்றன. வயிற்றில் கொண்டு செல்லும் தேன் தீர்ந்தால் அதனால் தொடர்ந்து பறக்க முடியாது. பூவின் மதுவில் தேடும் அதே சத்துத்தான் கருப்பநீரிலும் பனங்கட்டியிலும் கடைச் சீனியிலும் கிடைக்கிறது. ஆகவே இனிப்பை மொய்ப்பது ஆசையல்ல, பசி.

காய்ந்த சீனிக்கு மணம் மிகக் குறைவு. தூரத்திலிருந்து பூச்சியை அழைப்பது பழமும் புளிப்பும் கலந்த வாசனை. வன்னியில் ஆடி, ஆவணி மாதங்களில் பனங்களியைப் பாயில் பரப்பிப் பனாட்டுக்குக் காயவிடும்போது, மதுவங்கள் அதில் வேலை தொடங்குகின்றன. அந்த நொதிப்பு மணத்துக்கே பழ ஈக்கள் வருகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் புளிக்காது, அந்த மணமும் எழாது. அருகில் வந்தபின் சோதனை காலால் நடக்கிறது. ஈ, வண்ணத்துப்பூச்சி, தேனீ ஆகியவற்றின் பாதங்களில் சுவை உணரும் மயிர்கள் உண்டு. இனிப்பை மிதித்ததும் உறிஞ்சுகுழல் நீள்கிறது. எறும்போ உண்டு திரும்பும் வழியில் மணக்கோடு இட்டுச் செல்வதால், ஒன்று கண்ட சீனிக்கு ஒரு படையே வருகிறது.

சீனியில் நஞ்சு கலந்து வைத்தால் தொல்லை தீரும் என்பாரும் உண்டு. ஆனால் குளுக்கோசு கலந்த நஞ்சுணவுக்கு ஆளான ஜெர்மன் கரப்பான்களில், குளுக்கோசையே வெறுத்து ஒதுக்கும் கூட்டங்கள் தோன்றிவிட்டதை 1993இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நஞ்சுக்குக் கரப்பான் தப்பிக்கொள்கிறது. பூ தேடி அலையும் தேனீ மாட்டிக்கொள்கிறது.

வன்னிக்கு உண்மையில் கவலை தர வேண்டியது பூ. பளை, முகமாலைப் பக்கம் போரில் தலையிழந்த பனைகள் ஏராளம். காட்டில் பாலையும் முதிரையும் மரத்துக்காகக் களவாக வெட்டப்படுகின்றன. பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று வெட்டியதன் இடத்தில் நாளை நடும் கன்று நிறையப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பூ குறைந்த வறட்சி மாதங்களில் தேன்பெட்டி வைத்திருப்போர் சீனிப்பாகு கொடுத்துக் கூட்டைக் காப்பாற்றுகிறார்கள். காட்டுத் தேனீக்கு அப்படி ஊட்ட ஆளில்லை. தேத்தண்ணிக் கடையின் சீனிப் போத்தலை அது சுற்றும்போது விரட்டுவதைவிட, வேலியோரம் ஒரு முருங்கையோ வேம்போ பூக்க விடுவது பயன் தரும்.