நீங்காத நோயும் நிலைகொள்ளாத மனமும்

சலரோகம், உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், சிறுநீரக நோய் என்பன வந்துவிட்டால் இலேசில் விட்டுப் போவதில்லை. மருந்தோடும் பத்தியத்தோடும் அவற்றைக் கட்டுப்படுத்தி வாழவேண்டியிருக்கிறது. சொந்த வயலையும் கிணற்றையும் விட்டுவந்து கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது இரட்டைச் சுமை. "காணியும் போனது, இப்போது உடம்பும் போனது, இனி நான் பிள்ளைகளுக்குப் பாரம்தானே" என்ற நினைவு நித்திரையைக் கெடுக்கிறது. நித்திரை கெட்டால் நோவு கூடும். மனம் சோர்ந்தால் கிளினிக் போவதும் குளிசை எடுப்பதும் தவறும். ஆகவே நோயாளியின் மனத்தைக் கவனிப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

எங்கே தொடங்கியது?

1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபற்-சின் என்பவர் ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். வழமையான வைத்தியத்தால் நோவு தணியாதவர்களும் அவரிடம் அனுப்பப்பட்டனர். நம் நாட்டுப் பௌத்தர்களும் பயிலும் ஆனாபானசதி போன்ற தியான முறைகளே இதன் வேர். ஆயினும் எம்மதத்தவரும் பயிலக்கூடியதாக, சமயச் சடங்குகள் இன்றி அவர் அதை அமைத்தார். இன்று இது 8 வாரப் பயிற்சியாகப் பல நாடுகளில் நடத்தப்படுகிறது.

இதன் அடிப்படை எளிது. முழங்காலில் உள்ள நோவு ஒன்று. "இனி என்னால் ஒன்றும் ஏலாது" என்ற எண்ணம் வேறொன்று. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்போது துன்பம் பெருகுகிறது. வரும் எண்ணத்தை விரட்டாமலும், அதன் பின்னால் ஓடாமலும், "இது ஓர் எண்ணம்" என்று கண்டுகொண்டு மூச்சிற்குத் திரும்பப் பழகுவதே பயிற்சி.

நாம் செய்யக்கூடியது

1. நாளுக்கு 10 நிமிடம் ஒதுக்குவோம். பாயிலோ கதிரையிலோ வசதியாக இருப்போம். மூச்சை மாற்றாமல், அது உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிப்போம்.

2. மனம் ஊருக்கு ஓடும், கடனுக்கு ஓடும். அது மனத்தின் இயல்பு. ஏசாமல் மெதுவாகத் திருப்பிக்கொண்டு வருவோம்.

3. மிளகாய்த் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவதுபோல, பாதம் தொடங்கித் தலைவரை உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் கவனத்தைக் கொண்டுசெல்வோம். நோவுள்ள இடத்தில் சற்று நின்று, எரிவா, உழைவா, இறுக்கமா என்று பார்த்து நகர்வோம்.

அவரவர் சமய மரபையும் துணைகொள்ளலாம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டோரின் மனத்தை அமைதிப்படுத்த இந்துக்களுக்கு மந்திர செபம், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர், பௌத்தர்களுக்கு ஆனாபானசதி எனப் பழகிய வழிகளைப் பயன்படுத்துவது பற்றி எழுதியுள்ளார். அவசரமின்றி, மூச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் செபம் மனத்தை ஓரிடத்தில் நிறுத்த உதவும்.

எல்லையும் எச்சரிக்கையும்

இது அற்புத மருந்தன்று. நீண்டகால நோயாளர் பற்றிய 8 ஆய்வுகளைத் தொகுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன; ஆனால் அக்குறைவு சிறியதே. இரத்தத்தில் சீனி கூடியவருக்கு மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் வேண்டும். எக்காரணம் கொண்டும் குளிசையை நிறுத்தக்கூடாது.

ஷெல்லடியையும் இழப்பையும் கண்டவர்களுக்குக் கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் எழக்கூடும். அவர்கள் கண்களைத் திறந்தபடி, பாதம் நிலத்தில் படுவதை உணர்ந்து பயிலலாம். பயம் கூடினால் நிறுத்திவிட வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் வருமாயின் தாமதியாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். காணியை இழந்தவனிடம் "மூச்சைக் கவனி, எல்லாம் சரியாகும்" என்று சொல்வது நீதியன்று. காணிக்கும் நல்ல குடிநீருக்கும் கிளினிக்கிற்குப் போகும் பாதைக்கும் நாம் தொடர்ந்து குரல்கொடுக்க வேண்டும். சோர்ந்துபோன மனத்தால் மனு எழுதவும் முடியாது, கூட்டத்திற்குப் போகவும் முடியாது. அதனாலேயே இப்பயிற்சியை முக்கியமெனக் கருதுகிறோம்.

தனியே செய்வது கடினமாயின் அன்பியத்திலோ மாதர் சங்கத்திலோ நாலைந்து பேர் சேர்ந்து வாரமொருமுறை பயில்வோம். வராதவரின் வீட்டிற்குப் போய் விசாரிப்போம். அடுத்த கிளினிக் நாளில் உடம்பின் நோவோடு மனத்தின் நோவையும் வைத்தியரிடம் வாய்திறந்து சொல்வோம். அது வெட்கப்பட வேண்டிய காரியமன்று.