எரிமலைச் சரிவில் 16 கணுக்கள்

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் ரெவென்டடோர் என்றோர் எரிமலை உண்டு. 2005 ஆகஸ்டில் விஞ்ஞானிகள் சிலர் அதன் சரிவில் 16 சிறு கருவிகளை வைத்தனர். ஒவ்வொன்றும் மின்கலத்தால் இயங்கியது. நில அதிர்வை உணர்ந்து, அச்செய்தியைக் கம்பியில்லாமல் அனுப்பியது. இத்தகைய கருவியைக் 'கணு' என்போம். கணுக்கள் சேர்ந்ததே உணரி வலை.

மாணவர்களே, இந்த 16 கணுக்களை எங்கெங்கே வைப்பது?

ஓர் அதிர்வு ஒவ்வொரு கணுவையும் வெவ்வேறு நேரத்தில் வந்தடையும். அந்த நேர வேறுபாட்டைக் கொண்டே அது பிறந்த இடத்தைக் கணக்கிடுவர். எனவே கணுக்கள் நன்கு விலகியிருக்க வேண்டும். ஆனால் மிகவும் விலகினால் ஒன்றின் செய்தி அடுத்ததை எட்டாதே! ஆகவே சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அவற்றை வரிசையாக அமைத்தனர். தீயணைக்க வாளியைக் கைமாற்றுவது போல, செய்தி கணுவுக்குக் கணு தாவிச் சென்றது. 19 நாட்களில் 230 எரிமலை நிகழ்ச்சிகள் பதிவாயின.

வரிசையில் ஓர் ஆபத்தும் உண்டு. நடுவில் ஒரு கணு பழுதானால், அதற்கு அப்பால் உள்ளவற்றின் செய்தி வந்து சேராமல் போகலாம். முக்கியமான இடங்களில் மாற்று வழி ஒன்று இருப்பது நல்லது.

வரிசையாக அன்றி, ஒரு பரப்பு முழுவதையும் கண்காணிக்க வேண்டுமானால்? ஒரு ஹெக்டேர் தோட்டத்தில் விலங்குகள் நுழைவதை அறியக் கணுக்கள் வைப்பதாகக் கொள்வோம். ஒரு கணு தன்னைச் சுற்றி 10 மீட்டர் வரை உணரும். சதுரங்களின் மூலைகளில் வைத்தால், இடைவெளி 14.1 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் போனால் சதுரத்தின் நடுவில் யாரும் காணாத இடம் உண்டாகும். ஒரு கணுவின் பங்கு 200 சதுர மீட்டர். ஆகவே 50 கணுக்கள் தேவை.

சமபக்க முக்கோணங்களின் மூலைகளில் வைத்துப் பாருங்கள். இடைவெளி 17.3 மீட்டராகிறது, பங்கு சுமார் 260 சதுர மீட்டர். ஓரங்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 39 கணுக்களே போதும்! ஒரே அளவு வட்டங்களால் பெரும் பரப்பை மூட இதைவிடச் சிக்கனமான முறை இல்லை என்று 1939-இல் கெர்ஷ்னர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நிறுவினார்.

ஆனால் கணுவின் செய்தி 17.3 மீட்டராவது செல்ல வேண்டும். இல்லையேல் எல்லாக் கணுக்களும் விலங்கைக் காணும். ஒன்றும் நமக்குச் சொல்லாது! எவ்வளவு தூரம் உணரும், எவ்வளவு தூரம் செய்தி அனுப்பும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தே இடம் தேர வேண்டும்.

உங்கள் பள்ளியின் படத்தை வரைபடத்தாளில் வரையுங்கள். ஒரே அளவு காகித வட்டங்களை வெட்டி, இடைவெளி விடாமல் மூடிப் பாருங்கள். சுவரும் மரமும் குறுக்கிடும் இடங்களில் என்ன செய்வீர்கள்?