நாயின் சொறிக்குக் காரணம் காண்பது எப்படி?

'சொறி நாய்' என்பது நம் கிராமங்களில் ஒரு வசைச் சொல்லாகவே வழங்கி வருகிறது. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும் நாயைக் கண்டால் கல்லெறிந்து விரட்டுவோர் பலர். நேற்று வரை ஆட்டுப் பட்டியைக் காத்து நின்ற நாயாயினும், சொறி கண்ட பிறகு அதற்கு வாசலில் இடமில்லாது போகிறது. அந்நாய் செய்த குற்றம் யாதுமில்லை. அதன் நோய்க்குக் காரணம் இன்னதென்று நாம் கண்டறியாததே குறை.

ஒரு விவசாயியின் பட்டி நாய்க்கு அரிப்பு கண்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைப் பூசுகிறார். குணம் காணாததால், மாட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தை ஊசியில் ஏற்றுகிறார். பின்னர் யாரோ கூறியபடி அரிப்பை அடக்கும் ஊசி ஒன்றும் போடப்படுகிறது. இரண்டு நாள் அரிப்பு நிற்கிறது. மூன்றாம் வாரம் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. வீட்டுக் குழந்தைகளின் கையிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் தோன்றுகின்றன. அச்சமுற்ற குடும்பத்தார் நாயை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டு, வேறொரு குட்டியைக் கொண்டுவந்து அதே இடத்தில் கட்டுகின்றனர். சில வாரங்களில் அதற்கும் அரிப்பு! இவ்வளவு செலவும் துன்பமும் நேர்ந்த பின்னரும், அரிப்புக்குக் காரணம் என்ன என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

சொறி என்பது ஒரே நோயின் பெயரன்று. பல்வேறு நோய்கள் தோலின்மீது காட்டும் ஒரே முகம் அது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். ஆதலின், மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுவதே முறை.

நான்கு கேள்விகள்

கால்நடை மருத்துவர் நாயைச் சிறிது நேரமே காண்கிறார். வளர்ப்பவரோ நாள்தோறும் காண்கிறார். எனவே, பின்வரும் நான்கு கேள்விகளுக்கு விடை அறிந்து சென்றால் மருத்துவரின் வேலை பாதி முடிந்ததாகும்.

முதலாவது: அரிப்பு முந்தியதா, மயிர் உதிர்வு முந்தியதா? சொறிந்து சொறிந்து மயிர் கொட்டினால் பூச்சியோ ஒவ்வாமையோ காரணமாக இருக்கக்கூடும். அரிப்பின்றி மயிர் மட்டும் கொட்டினால் காரணம் வேறிடத்தில் இருக்கலாம்.

இரண்டாவது: உடலில் எவ்விடத்தில் தொடங்கியது? காதோரமா, கண்ணைச் சுற்றியா, வாலடியிலா, வயிற்றிலா?

மூன்றாவது: நாயின் வயது என்ன? ஓராண்டு நிரம்பாத குட்டிக்கு வரும் நோய் வேறு. முதிய நாய்க்கு வரும் நோய் வேறு.

நான்காவது: உடனிருக்கும் மற்ற நாய்களுக்கோ, பூனைக்கோ, வீட்டு மனிதர்களுக்கோ அரிப்பு உண்டா?

இனி, இவ்விடைகள் நம்மை எங்கே அழைத்துச் செல்கின்றன என்று காண்போம்.

தோலைத் துளைக்கும் சொறிப்பூச்சி

காதின் விளிம்பிலும், முன்னங்கால் முட்டியிலும், பின்னங்கால் குதிமூட்டிலும், அடிவயிற்றிலும் தொடங்கி, இரவும் பகலும் தாங்கொணா அரிப்பைத் தருவது ஒருவகைச் சொறி. இதற்குக் காரணம் ஒரு மில்லிமீட்டரில் பாதி அளவுகூட இல்லாத எட்டுக்காற் பூச்சி. பெண் பூச்சி மேல்தோலுக்குள் சுரங்கம் போல் துளைத்துச் சென்று முட்டையிடுகிறது. முட்டை பொரித்து வளர்ந்த பூச்சியாவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகின்றன.

மனிதருக்கு வரும் சிரங்கும் இதே இனப் பூச்சியின் மற்றொரு வகையால் உண்டாவதே. இரத்தம் கெடுவதால் சிரங்கு வருகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. 1687ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த போனோமோ, செஸ்தோனி என்ற இருவர், சிரங்கிலிருந்து எடுத்த சிறு பூச்சியை நுண்ணோக்கியின் மூலம் ஆராய்ந்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று எழுதி வைத்தனர். எனினும் அது பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. காரணம் தேடும் வழக்கம் எவ்வளவு மெதுவாக வேரூன்றுகிறது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

இச்சொறி நாய்க்கு நாய் விரைவில் தொற்றும். நோயுற்ற நாயைத் தொட்டுப் பழகும் மனிதருக்கும் அரிப்பும் தடிப்பும் தோன்றலாம். ஆனால் நாயின் பூச்சி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய் குணமடைந்தால் மனிதரின் அரிப்பும் சில வாரங்களில் தணியும். எனவே குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவதோடு, நாய்க்கும் சிகிச்சை செய்வது அவசியம். வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை செய்யாவிடில், குணமான நாய்க்கு மற்ற நாயிடமிருந்து மீண்டும் தொற்றும்.

மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். ஆயினும் இப்பூச்சி எளிதில் அகப்படுவதில்லை. சுரண்டலில் பூச்சி காணவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்தல் தவறு. நாயின் காது மடலின் விளிம்பை விரலால் தேய்த்தவுடன் அது பின்னங்காலைச் சொறிவது போல் அசைக்குமானால், ஐயம் வலுப்படும். அந்நிலையில் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கி, அதன் பலனைக் கொண்டே நோயை உறுதி செய்வதும் உண்டு.

மயிர்க்காலில் வாழும் பூச்சி

சில மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் மயிர் உதிர்ந்து வழுக்கைத் திட்டுகள் தோன்றுகின்றன, அரிப்பு அதிகமில்லை. இது வேறொரு பூச்சியின் வேலையாக இருக்கக்கூடும். நீண்ட சுருட்டு வடிவமுள்ள இப்பூச்சி மயிர்க்காலுக்குள் வாழ்கிறது. குட்டி பிறந்த முதற் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருகிறது. நலமுள்ள நாய்களின் தோலிலும் சிறு அளவில் இருந்துகொண்டே இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போது பெருகி நோயாகிறது.

இது மற்ற நாய்க்கோ மனிதருக்கோ தொற்றுவதில்லை. குட்டிகளிடம் ஓரிரு திட்டுகளாகத் தோன்றுவது பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடல் முழுதும் பரவினால் நீண்ட சிகிச்சை தேவைப்படும். மேலே கூறிய விவசாயியின் நாய்க்குப் போட்ட அரிப்படக்கும் ஊசி இங்கேதான் பெருந்தீங்கு செய்கிறது. அவ்வகை ஊசிகளில் பல உடலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்குபவை. அரிப்பு நிற்கும், மயிர்க்காற் பூச்சியோ தடையின்றிப் பெருகும்.

தெள்ளும் உண்ணியும்

வாலடியிலும் பின் தொடைகளிலும் நாய் கடித்துக் கடித்து மயிர் போக்கிக்கொண்டால் தெள்ளுப்பூச்சியை ஐயுறுக. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நெருக்கமான சீப்பால் வாலடி மயிரை வாரி, விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துகள்களைச் சுற்றிச் செந்நிறம் பரவினால், அவை தெள்ளின் எச்சம். அச்செந்நிறம் நாயின் இரத்தமே. சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. சில கடிகளே உடல் முழுதும் அரிப்பை எழுப்பப் போதுமானவை.

நாயின் உடம்பில் நாம் காணும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பகுதியே. முட்டைகள் தரையில் உதிர்ந்து, நாய் படுக்கும் சாக்கிலும், புழுதியிலும், சுவர் ஓரத்திலும் வளர்கின்றன. உண்ணியும் இத்தகையதே. பெண் உண்ணி இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இரத்தமின்றிப் பல மாதங்கள் காத்திருக்கவும் வல்லது. பழைய நாயை விரட்டிவிட்டு அதே இடத்தில் புதுக் குட்டியைக் கட்டினால், அதற்கும் அரிப்பு ஏன் வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை. நாய்க்கு மருந்திடும் அதே நாளில் படுக்கைச் சாக்கை எரித்தோ கொதிநீரில் துவைத்தோ, தரையைப் பெருக்கி, வெடிப்புகளைப் பூசிவிட வேண்டும்.

உண்ணியால் தோல் மட்டுமே கெடும் என்று எண்ணற்க. அது நாய்க்கு உண்ணிக் காய்ச்சலைத் தரும். நாய் உணவு மறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்க.

பிற காரணங்கள்

வட்ட வட்டமாக மயிர் முறிந்து செதிள் எழுந்தால் அது பூஞ்சணத்தால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றி நிலைக்கும். சீழ்க்கொப்புளமும் பொருக்கும் காணப்பட்டால் நுண்கிருமிகள் புகுந்துள்ளன என்பது பொருள். அவை பெரும்பாலும் வேறொரு நோயின்மீது வந்து குடியேறியவை. மூல காரணத்தையும் தேட வேண்டும். பிசுபிசுத்த தோலும் புளித்த நாற்றமும் வேறொரு பூஞ்சணத்தின் அறிகுறிகள். அரிப்பே இன்றி இருபுறமும் ஒத்தாற்போல் மயிர் குறைந்து, நாய் மந்தமாகிப் பருத்தால், சுரப்பிகளின் கோளாறாக இருக்கக்கூடும்.

நாயின் மயிர் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வெறுஞ்சோறும் கஞ்சியுமே உண்ணும் நாய்க்கு மயிர் மங்கி உதிர்வதில் வியப்பில்லை. குட்டி ஈன்ற பெட்டை நாய்க்குச் சில வாரங்களில் மயிர் கொட்டுவதோ இயல்பு. ஊட்டமான உணவளித்தால் மீண்டும் வளரும்.

செய்யத் தகாதவை

கழிவு ஆயில், மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து ஆகியவற்றை நாயின்மீது பூசலாகாது. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. தோலில் பூசியது வயிற்றுக்குள்ளும் செல்லும். புண்பட்ட தோல் வழியே இரத்தத்திலும் கலக்கும்.

மாட்டுக்குரிய ஐவர்மெக்டின் மருந்தைத் தாமாக நாய்க்கு ஊசி போடுவதும் ஆபத்து. மாட்டு மருந்தின் செறிவு அதிகம்; சில துளிகள் கூடினாலும் சிறு நாய்க்கு அளவு மீறிவிடும். கோலி போன்ற சில அயல்நாட்டு இன நாய்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் பிறவிக் கூறு ஒன்றினால் இம்மருந்து மூளைக்குள் புகுந்து, தள்ளாட்டமும் மயக்கமும் மரணமும் விளையும். இக்காலத்தில் நாயின் எடைக்கேற்ப வாய்வழி கொடுக்கும் மாத்திரைகள் கிடைக்கின்றன. எதைக் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்பதை மருத்துவரே கூற வேண்டும். கால்நடை மருந்தகத்திற்கு நாயைக் கொண்டு செல்ல இயலாதவர் 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியை நாடலாம்.

பஞ்சாயத்தின் கடமை

ஒருவர் வீட்டு நாயைக் குணமாக்கினாலும், தெருவில் சொறியுற்ற நாய்கள் திரிந்தால் நோய் திரும்பும். ஆகவே இது ஊருக்குப் பொதுவான பணியாகும். கால்நடை மருத்துவரை அழைத்து முகாம் நடத்துவதும், அவர் மேற்பார்வையில் தெரு நாய்களுக்கு உணவோடு மருந்தளிப்பதும், இறைச்சிக் கழிவும் குப்பையும் தெருவில் சேராமல் காப்பதும் பஞ்சாயத்து செய்யக்கூடியவை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும்.

சொறி வேறு, வெறி வேறு என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். மயிர் உதிர்ந்த நாயெல்லாம் வெறிநாய் அன்று. பளபளக்கும் மயிருள்ள நாய்க்கும் வெறிநோய் வரலாம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே கடமை.

மேலே கூறிய விவசாயி, கழிவு ஆயிலை எடுக்குமுன் சீப்பையும் வெள்ளைத் துணியையும் எடுத்திருந்தால், நாயை இழந்திருக்க வேண்டுவதில்லை. பட்டியைக் காக்கும் நாய்க்கு நாம் செய்யும் கைம்மாறு, அது சொறியும்போது சற்று நின்று, 'ஏன்?' என்று கேட்பதே. விடையைக் கண்டபின் மருந்து தேடுவது கடினமன்று.