ரிசீட், ரசீது, பற்றுச்சீட்டு

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தவணை கட்டுகிறோம். ஊராட்சியில் வீட்டு வரி கட்டுகிறோம். பணத்தை வாங்கியவர் ஒரு சீட்டைக் கிழித்துத் தருகிறார். பல சீட்டுகளின் தலைப்பில் ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கும். அதுதான் ‘ரிசீட்’.

இந்தச் சொல்லில் ஏழு எழுத்துகள் உண்டு. ஆர், இ, சி, இ, ஐ, பி, டி. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இதை ‘ரிசிப்ட்’ என்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ‘பி’ என்ற எழுத்து அங்கே இருக்கிறதே! ஆனால் அதை ஒலிப்பதில்லை. எழுதும்போது ‘பி’ உண்டு. சொல்லும்போது இல்லை.

ஒலிக்காத எழுத்து அங்கே எப்படி வந்தது?

பழைய ரோமாபுரியின் மொழி லத்தீன். அதில் ‘ரெசெப்தா’ என்றால் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பொருள். அந்தச் சொல் பிரெஞ்சு மொழிக்குப் போனது. அங்கே ‘ப்’ ஒலி தேய்ந்து மறைந்தது. 1066-ஆம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்டவர் இங்கிலாந்தை வென்றார். அதன் பிறகு ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. இதுவும் அவற்றில் ஒன்று. பிற்காலத்தில் லத்தீன் கற்றவர்கள் மூலச் சொல் தெரியும்படி ‘பி’யைச் சேர்த்து எழுதினார்கள். எழுத்து வந்தது. ஒலி திரும்பி வரவில்லை.

இந்தச் சொல்லுக்கு ஓர் உறவு உண்டு. ‘டிசீட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அது. அதற்கு ‘ஏமாற்று’ என்று பொருள். இரண்டும் ‘எடு’ என்ற பொருள் உள்ள ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஏமாற்றும், ஏமாற்றைத் தடுக்கும் சீட்டும் ஒரே குடும்பம்!

‘ரிசீட்’ என்பதைத்தான் நாம் ‘ரசீது’ என்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ‘ரசீது’ பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். அதற்கு ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். முகலாயர் ஆட்சியில் பாரசீகம் அலுவலக மொழியாக இருந்தது. இந்தியிலும் தெலுங்கிலும்கூட இந்தச் சொல் உண்டு. தமிழில் ‘பற்றுச்சீட்டு’ என்றும் சொல்கிறோம். பற்றுதல் என்றால் கையில் பெறுதல்.

பெற்றுக்கொண்டேன், வந்து சேர்ந்தது, பற்றிக்கொண்டேன். மூன்றும் பணத்தை வாங்கியவர் சொல்லும் சொற்கள். ஆகவே ரசீதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பணத்தை வாங்கியவர்.

இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும் நாளில் கைநாட்டு வைக்கிறார்கள். திருப்பிக் கட்டும் நாளில், ‘தெரிந்தவர்தானே’ என்று ரசீது கேட்காமல் வந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, ‘நீ பணமே கட்டவில்லை’ என்று அவர் சொன்னால் என்ன செய்வது? கைநாட்டு வைத்த தாள் அவரிடம் இருக்கிறது. கட்டியவர் கையில் ஒன்றும் இல்லை.

ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா?
எதற்காகக் கட்டிய பணம் என்று எழுதியிருக்கிறதா?
தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா?
தேதி இருக்கிறதா?
வாங்கியவரின் கையெழுத்து இருக்கிறதா?

பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குத் தரும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். கடையில் பொருள் வாங்கினாலும் பில் கேட்கலாம். பில்லோ ரசீதோ தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

ரசீது கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அது பணம் கட்டியவரின் உரிமை. கேளுங்கள். படித்துப் பாருங்கள். பத்திரமாக வையுங்கள்.