எளாவூரை 87-இல் ஒரு பங்காக்கினால்

சென்னையிலிருந்து கூடூர் நோக்கிப் போகும் ரயில், கும்மிடிப்பூண்டியை அடுத்து எளாவூரைத் தொடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் பள்ளிப்பட்டு வயல்களில் நெல் விளைகிறது என்றால், கிழக்கு ஓரத்தில் உள்ள இந்த ஊரில் வடநாட்டுக் கோதுமை இரும்புச் சைலோக்களில் வந்து தங்குகிறது. இந்திய உணவுக் கழகத்துடன் 2005-இல் செய்த ஒப்பந்தப்படி அதானி அக்ரி லாஜிஸ்டிக்ஸ் அமைத்த கிடங்கு அது. பஞ்சாபின் மோகாவிலும் அரியானாவின் கைத்தலிலும் தலா 2 லட்சம் டன் கொள்ளும் பெரிய கிடங்குகள் உண்டு. அங்கிருந்து கோதுமை மூட்டை கட்டப்படாமலே, மேலே கொட்டி அடியில் திறந்துவிடும் ஹாப்பர் வேகன்களில் ஏறி, 2000 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு வருகிறது. எளாவூரின் கொள்ளளவு 25,000 டன்.

மாதிரி ரயில் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. உருளைகள், கூம்புக் கூரைகள், தானியத்தை உச்சிக்கு ஏற்றும் பக்கெட் எலிவேட்டர், தலைக்கு மேலே ஓடும் கன்வேயர், கீழே தண்டவாளம் எல்லாம் ஒரே இடத்தில் அமைகின்றன. தொடர்ந்து ஓடும் வாளிகளால் மாவு ஆலையில் தானியம் ஏற்றும் வழியை 18-ஆம் நூற்றாண்டில் ஆலிவர் எவன்ஸ் கண்டார். 1842-இல் அமெரிக்காவின் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட்டும் ராபர்ட் டன்பரும் அதற்கு நீராவி பூட்டினார்கள். எளாவூர் கிடங்கு அந்த வம்சத்தில் வந்ததுதான்.

சரி, செய்து பார்ப்போம். உலகில் அதிகம் பேர் கையாளும் எச்ஓ அளவு, 87-இல் ஒரு பங்கு. 30 மீட்டர் கோபுரம் 34 சென்டிமீட்டராகிவிடும், மேசையில் வைக்கலாம். தண்டவாளத்தில்தான் முதல் சிக்கல். எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் வண்டியை ஓட்டினால் கால்கள் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஒடுங்கித் தெரியும். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், அது சரிதான். சரக்கு ரயில் 700 மீட்டர் நீளம் என்றால் மாதிரி 8 மீட்டர் வேண்டும். வீட்டில் அதற்கு இடமேது? பத்துப் பன்னிரண்டு வேகன்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதெல்லாம் நீள அகலக் கணக்கு. வியப்பு எடையில் தொடங்குகிறது. நீளம் 87 மடங்கு குறையும்போது கொள்ளளவு 87-இன் மும்மடியாக, அதாவது சுமார் 6,58,500 மடங்கு குறைகிறது. எளாவூரின் 25,000 டன் கோதுமை மாதிரியில் வெறும் 38 கிலோ! 60 டன் ஏற்றிய வேகனில் இருக்க வேண்டியது 91 கிராம்.

ஆனால் அந்த 91 கிராமை எதால் நிரப்புவது? 6 மில்லிமீட்டர் கோதுமை மணி 0.07 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அது மாவின் பருமன். கோதுமை வழுக்கி ஓடும், மாவு ஓடாது. வாயிலில் கட்டிக்கொண்டு நிற்கும். மணி சிறுக்கச் சிறுக்க அதன் எடை விட்டத்தின் மும்மடியாகச் சரிகிறது. மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் விசையோ ஏறக்குறைய விட்டத்தின் அளவிலேயே குறைகிறது. ஒரு கட்டத்தில் ஒட்டுவிசை எடையை வென்றுவிடுகிறது. ஆகவே கால் மில்லிமீட்டர் பருமனுள்ள, சலித்துக் காயவைத்த மணல்தான் நல்ல வழி. கணக்குப்படி அதன் ஒவ்வொரு மணியும் நிஜத்தில் அரிநெல்லிக்காய் அளவுக்கு இருக்கும் என்றாலும், கண் அதைத் தானியம் என்றே ஏற்கிறது. உண்மையான ரவையையோ கசகசாவையோ போட்டால் எறும்பும் வண்டும் குடிவந்துவிடும்.

குவியலின் சரிவும் கவனிக்க வேண்டியது. நீளத்தைக் குறைக்கலாம், கோணத்தைக் குறைக்க முடியாது. உலர்ந்த கோதுமை 30 பாகைக்குக் கொஞ்சம் குறைவான சரிவில் நிற்கும், குவியல் பெரிதானாலும் சிறிதானாலும். செங்குத்தான குவியலை ஒட்டிவைத்தால், ஏன் என்று சொல்லத் தெரியாதவருக்கும் காட்சி பொய்யாகத் தோன்றும்.

நேரமும் முழுதாகச் சுருங்குவதில்லை. மாதிரிக்குள்ளும் பூமி அதே முடுக்கத்தில்தான் இழுக்கிறது. எல்லாம் சரிவிகிதத்தில் சுருங்கினால் தானியம் வடியும் நேரம் 87-இன் வர்க்கமூலமாக, 9.3 மடங்கு குறையும். நிஜத்தில் ஒரு மணி நேரம் வடிவது மாதிரியில் ஆறரை நிமிடத்தில் முடிந்துவிடும். படம் பிடிப்பவர் அத்தனை மடங்கு வேகத்தைக் குறைத்துக் காட்டினால் மணல் கோதுமைபோல் விழும்.

எனக்கு இதிலெல்லாம் பெரியதாகத் தோன்றுவது, சைலோ பற்றிய அடிப்படை விதியே ஒரு மாதிரியிலிருந்து பிறந்தது என்பதுதான். ஜெர்மானியப் பொறியாளர் ஜான்சன் மரத்தால் சிறு சதுரப் பெட்டிகள் செய்து, அடித்தட்டை மட்டும் தராசில் தாங்கவிட்டுத் தானியத்தைக் கொட்டினார். 1895-இல் முடிவை வெளியிட்டார். தண்ணீரின் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தானியம் அப்படியல்ல. ஓரளவு உயரத்துக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அடித்தட்டின் சுமை கூடுவதில்லை. மணிகள் பக்கவாட்டில் சுவரை அழுத்தி, உராய்வின் வழியே தங்கள் எடையைச் சுவரில் ஏற்றிவிடுகின்றன. சைலோவின் சுவர் தானியத்தைச் சூழ்ந்து நிற்பதோடு அதைத் தூக்கியும் பிடிக்கிறது. அந்தச் சுமையில் நசுங்காமலிருக்கத்தான் உயர்ந்த இரும்புச் சைலோக்களுக்கு நெடுகக் கம்பங்கள் பொருத்துகிறார்கள். மாதிரி செய்பவர் இவற்றை அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது.

பள்ளிப்பட்டுப் பக்கத்து அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரி ரயில் இல்லாவிட்டால் பரவாயில்லை. இருபுறமும் திறந்த மூன்று அங்குல பிவிசி குழாய் ஒன்றை, சமையலறை எடைத்தராசின் தட்டுக்கு ஒரு மயிரிழை மேலே, தட்டைத் தொடாதபடி தனியாகக் கட்டி நிறுத்துங்கள். மாணவர்களே அரிசியை அளந்தளந்து கொட்டட்டும்; ஒவ்வொரு முறையும் தராசு காட்டுவதைக் குறிக்கட்டும். குழாயின் விட்டத்தைப் போல நாலைந்து மடங்கு உயரம் வந்ததும் தராசு ஏற மறுக்கும். மிச்ச எடை எங்கே போனது என்று அவர்களையே கேளுங்கள்.